சவாரி வண்டிக்குக் கீழால ஆள் போற காட்சி: யகிமா கனட் செய்தது எப்பிடி?

திடல்கரை:
வணக்கம். எங்கட யாழ்ப்பாணத்து மாட்டுப் பந்தயச் சவாரி வண்டியை வைச்சு ஒரு குறும்படத்துக்குத் துரத்தல் காட்சி யோசிக்கிறம். வண்டியிலயிருந்து நுகத்துக்குப் பாய்ஞ்ச ஆள் பிடி விட்டு விழவேணும், வண்டி அவருக்கு மேலால போகவேணும். 1939இல வந்த ‘ஸ்ரேஜ்கோச்’ படத்தில யகிமா கனட் உதைத்தான் செய்தவர் எண்டு சொல்லுகினம். அது கமராத் தந்திரமோ, மெய்யாவே செய்ததோ? ஆள் நடிகரோ ஸ்ரண்ட்காரரோ? வேற படங்களில வில்லனா முகமும் காட்டியிருக்கிறாரே. எல்லாத்துக்கும் மேலால, ரெண்டு சில்லு மாட்டுவண்டியில இதைச் செய்யேலுமோ?

றீகல் கலரி:
முதல்ல ஆளைப் பற்றி. 1895இல வாஷிங்டன் மாநிலத்துக் கொல்பாக்ஸ்ல பிறந்தவர், சொந்தப் பேர் ஈனோஸ் எட்வர்ட் கனட். படத்துக்கு வர முந்தியே குதிரையடக்கும் போட்டியளில பேர் எடுத்தவர். பென்டில்டன் போட்டியில எல்லாப் பிரிவுக்கும் சேர்த்துக் குடுக்கிற பட்டத்தை 1917, 1919, 1920, 1923 எண்டு நாலு தரம் வெண்டவர். ‘யகிமா’ எண்ட பேரும் 1914 பென்டில்டன் போட்டிப் படமொண்டுக்குப் பத்திரிகைக்காரர் தப்பாப் போட்ட தலைப்பால ஒட்டினது. யகிமா அவற்ற ஊரே இல்லை.

மௌனப்பட காலத்தில அவர் கதாநாயகன். கடற்படையில இருக்கேக்க வந்த சளிக்காய்ச்சல் குரல்வளையைப் பழுதாக்கிப் போட்டுது. பேசும்படம் வந்தவுடன நாயகன் வேசம் கையைவிட்டுப் போச்சு. அதாலைதான் நீங்கள் கண்ட வில்லன் முகம். ரெண்டு வரி வசனம், பிறகு அடி வாங்கி விழுகிறது, அதே படத்திலயே நாயகனுக்கு டூப். 1933க்குப் பிறகு ஜோன் வெய்னோட எடுத்த மலிவுப் படங்களில, சில காட்சியில வில்லனும் அவர்தான், வில்லனைத் துரத்துற நாயகன்ர டூப்பும் அவர்தான். ‘கோன் வித் த விண்ட்’ படத்தில எரியிற அட்லாண்டாவுக்குள்ளால வண்டி ஓட்டுறது கிளார்க் கேபிளுக்குப் பதிலா இவர். பாலத்தடியில ஸ்கார்லெட்டை மறிக்கிற காவாலியும் இவரே. ஆகவே நடிகரோ ஸ்ரண்ட்காரரோ எண்டு பிரிக்கத் தேவையில்லை, ஒரே சம்பளத்துக்கு ரெண்டும்.

வண்டிக்குக் கீழால போனது மெய். அதுவும் ‘ஸ்ரேஜ்கோச்’ முதல் தரமில்லை. 1937இல ‘ரைடர்ஸ் ஒஃப் த டோன்’ படத்திலயே செய்து பார்த்திட்டார். எப்பிடிச் செய்தவர் எண்டதை அச்சாணி அண்ணை சொன்னால்தான் சரி.

அச்சாணி:
படத்தை நிப்பாட்டி நிப்பாட்டிப் பாருங்கோ. ஆறு குதிரை, ரெண்டு ரெண்டா மூண்டு சோடி. அப்பாச்சி (அமெரிக்கப் பழங்குடி) வேசத்தில கனட் தன்ர குதிரையிலயிருந்து முன்சோடிக்குத் தாவுறார். வண்டியில இருக்கிற நாயகன் வெய்ன் சுட, ரெண்டு குதிரைக்கும் நடுவால கீழ இறங்கி, முன்சோடியைப் பூட்டியிருக்கிற மரத்தைப் பிடிச்சுக்கொண்டு முதுகால இழுபடுறார். ரெண்டாம் வெடியோட கையை விடுறார். மிச்ச நாலு குதிரையும் ரெண்டு பக்கத்தாலயும் போக, வண்டி மேலால போகுது. வண்டி போன பிறகும் கமரா வெட்டுப்படேல்லை, கிடந்த ஆள் அசையிறது தெரியும். பொம்மை எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது எண்டதுக்குத்தான் அந்த அசைவு.

இது நடந்ததுக்குக் காரணம் துணிச்சல் மட்டுமில்லை, வண்டியின்ர கட்டுமானம். நாலு சில்லு வண்டியில பாரம் முழுக்கச் சில்லுகளில. குதிரை தடுக்கினாலும் வண்டியின்ர அடிப்பக்கம் அதே உயரத்திலதான் நிக்கும். முன்சில்லு சின்னது, வளைஞ்சு திரும்பவேணும் எண்டதால. ஆகவே முன்அச்சுத்தான் ஆகப் பதிவு. அதைத் தாண்டினால் பின்அச்சு உயரம், பயமில்லை. உடம்பு நேராக் கிடக்கவேணும், கால் சேர்ந்திருக்கவேணும், முழங்கை விலாவோட ஒட்டியிருக்கவேணும். பிடியை விட்ட பிறகு தலையைத் தூக்கிப் பார்க்கிற ஆசை வரக்கூடாது. கையை விடேக்க உடம்பு ஒரு பக்கம் சுழண்டால் கால் சில்லுக்குள்ள போயிடும்.

கெட்டிக்காரருக்கும் பிழைக்கும். ரெறி லெனார்ட் எண்ட ஸ்ரண்ட்காரர் ‘லெஜண்ட் ஒஃப் த லோன் ரேஞ்சர்’ படத்தில இதையே செய்யப் போய்ச் சில்லு காலில ஏறினது. பிறகு அதே 1981இல வந்த ‘ரெய்டர்ஸ் ஒஃப் த லொஸ்ற் ஆர்க்’ படத்தில லொறிக்குக் கீழால போனதும் அவர்தான். ஆனா அங்க சில்லுகளுக்கு நடுவில றோட்டையே பள்ளமா வெட்டி, உடம்புக்கு இடம் கூட்டிக் குடுத்தவை.

திடல்கரை:
நன்றி அண்ணை. அப்ப வண்டியை மெல்ல ஓட்டி எடுத்து, எடிற்றிங்கில வேகத்தைக் கூட்டினால் ஆபத்துக் குறையாதோ?

அச்சாணி:
குறையாது தம்பி, கூடும். கனட் குதிரையளை முழு ஓட்டத்திலதான் விடச்சொன்னவர். கெதியா ஓடுற குதிரை நேரா ஓடும். மெல்ல ஓடுறது அங்கயும் இங்கயும் விலகும், நிலத்தில கிடக்கிறதைப் பார்த்துக் காலை மாத்தி வைக்கும். நடுவில கிடக்கிறவனுக்கு அந்த விலகல்தான் எமன்.

சவாரி வண்டிக்கு வாருங்கோ. எங்கட வண்டியில பாரத்தின்ர ஒரு பங்கு நுகத்தால மாட்டுக் கழுத்திலதான் நிக்குது. ஒரு மாடு முழங்கால் மடிச்சால் நுகம் நிலத்தில குத்தும், நடுமரம் அதோட இறங்கும், கீழ கிடக்கிற ஆளுக்கு மேலதான். நாலு சில்லு வண்டியில இந்தக் கதையே இல்லை. ரெண்டாவது, எங்களுக்கு இருக்கிறது ஒரே சோடி. மாடு ரெண்டும் நடுமரத்தோட அணைஞ்சுதான் ஓடும், நடுவில ஆள் இறங்க இடைவெளி இல்லை. மூண்டாவது, ஆறு குதிரை வண்டியில முன்சோடிக்கும் முன்சில்லுக்கும் இடையில இன்னும் ரெண்டு சோடி நிக்குது, உடம்பை நேராக்க அந்த நீளம் உதவும். மாட்டுவண்டியில கையை விட்ட உடனயே அச்சு. ஓடுற மாட்டு நுகத்தில ஆளைத் தொங்கவிடுறதே எனக்குச் சரியாப் படேல்லை. காலடியில ஏதும் தட்டுப்பட்டால் மாடு வெருண்டு சனத்துக்குள்ள பாயும், சவாரித் திடலெண்டால் ரெண்டு பக்கமும் சனம். ஆளோடயோ பொம்மையோடயோ இதை ஒரே ஷொட்டில எடுக்கவேண்டாம்.

கமராக்கண்:
நாலு ஷொட்டாப் பிரியுங்கோ.

ஒண்டு: நுகத்தைப் பிடிச்சுத் தொங்கிற கிட்டப்படம். மாடே தேவையில்லை. பழைய நுகமொண்டை லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டிக்குப் பின்னால இடுப்புயரத்தில கட்டுங்கோ. பெட்டிக்குள்ள மெத்தை விரிச்ச பலகையைத் தட்டாப் பொருத்தி, நடிகரின்ர பாரம் முழுக்க அந்தத் தட்டில இருக்கவிடுங்கோ. இடுப்புப் பட்டியைப் பெட்டிச் சட்டத்தில கொழுவவேணும், நுகத்தில இல்லை. வேகம் ஆள் நடக்கிற அளவு போதும். நிலம் படத்தில தெரியாமல் நெஞ்சுக்கு மேலால எடுத்தால், தூசியும் குலுக்கமும் மிச்சத்தைச் செய்யும்.

ரெண்டு: கீழயிருந்து மேல பார்க்கிற ஷொட். இதுக்குத்தான் மினக்கெடவேணும். ஒரு சாண் அகலக் குழி, அதுக்குள்ள சின்ன அக்‌ஷன் கமரா, மேல துளை போட்ட இரும்புத் தகடு. பலகை போட்டால் குளம்பு மிதிக்க உடையும், மாட்டுக்குக் கால் முறியும், ஆகவே தகட்டின்ர விளிம்பு குழியிலயிருந்து எல்லாப் பக்கமும் ஒரு முழமாவது தள்ளிப் போகவேணும். தகடு மினுங்கினால் மாடு விலகும். அதே திடல் மண்ணைத் தூவி மூடிப்போட்டு, முதல் நாள் பின்னேரமே அந்தச் சோடியைச் சும்மா நடத்தி நாலைஞ்சு தரம் மேலால கொண்டுபோங்கோ. குழியில ஆள் இருக்கக்கூடாது, றிமோட்டில ஓடவிடுங்கோ.

மூண்டு: பின்னால நிண்டு எடுக்கிறது. வண்டியின்ர பின்பக்கத்தால பொம்மையை விழுத்துங்கோ, மாட்டுக்குத் தெரியாது. வைக்கல் மட்டும் அடைஞ்சால் துள்ளும், சனம் சிரிக்கும். இடுப்பிலயும் தோளிலயும் மணல் பை வைக்கவேணும், கைகால் மூட்டில தளர்வாத் தையுங்கோ.

நாலு: வண்டி போன தூசிக்குள்ள மெய்யான ஆள் உருண்டு, முழங்காலில எழும்புறது. மூண்டுக்கும் நாலுக்கும் கமரா அதே இடத்தில, அதே லென்ஸில நிக்கவேணும்.

வேகம் கூட்டுறது பற்றி: செக்கனுக்கு 24 பிறேமில ஓடப்போற படத்தை 20இல எடுத்தால் 1.2 மடங்கு, கண் ஏற்கும். 16இல எடுத்தால் 1.5 மடங்கு, மாட்டுக்கால் தையல் மெசின் ஊசி மாதிரி அடிக்கும், தூசியும் அவதிப்பட்டு எழும்பும். தூசிதான் முதல்ல காட்டிக்குடுக்கும்.

மீசாலையான்:
கனட் காலத்தில குதிரையளைக் கம்பி கட்டி விழுத்தினவை, ‘பென்-ஹர்’ தேரோட்டத்தில ஆளே செத்தது எண்டும் கேள்விப்பட்டன். அதுகளைப் பற்றிக் கதைக்காமல் உவரைப் புகழுறது சரியோ?

றீகல் கலரி:
கம்பிக் கதை மெய். ‘றணிங் டபிள்யூ’ எண்டு சொல்லுவினம். குதிரையின்ர முன்னங்கால் ரெண்டிலயும் பட்டி, அதிலயிருந்து கம்பி வயிற்றுப்பட்டி வளையத்தால போய் நிலத்தில புதைச்ச கட்டையில முடியும். கம்பி நீளம் முடிய முன்னங்கால் ரெண்டும் இழுபட்டுக் குதிரை தலைகீழா விழும். எப்ப விழும் எண்டு ஆளுக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியாது. கால் முறியிறதும் கழுத்து முறியிறதும் அதாலைதான். கனட்டும் பாவிச்சவர், அதை மறைக்கத் தேவையில்லை. 1939 ‘ஜெஸி ஜேம்ஸ்’ படத்தில மலைமுகட்டால விழுத்திக் குதிரை செத்த பிறகுதான் விலங்கு நலச் சங்கத்தின்ர கண்காணிப்பு வந்தது. பிறகு, கடிவாளத்தை ஒரு பக்கம் இழுக்கத் தோளால சரியிற மாதிரிக் குதிரையளைப் பழக்கி, கிண்டி இளக்கின மண்ணில விழுத்தினவை.

அவர் திருத்தினதும் இருக்கு. சேணத்தில கால் வைக்கிற அங்கவடியை ஒரு பக்கம் திறந்த ‘எல்’ வடிவத்தில செய்தவர், விழேக்க கால் தானா வெளியில வரும். மூடின அங்கவடியில பாதம் உள்ள போய் மாட்டி இழுபட்டுத்தான் கனபேர் நொறுங்கினவை. வண்டி கவிழுற காட்சிக்கும் சரியான நேரத்தில குதிரையளைக் கழட்டிவிடுற கேபிள் பொறி வைச்சவர். குத்துச் சண்டையில முட்டி நாடிக்கு முன்னால கடந்துபோக, வாங்கிறவர் அந்தக் கணத்தில தலையைத் திருப்ப, கமரா தோளுக்குப் பின்னால நிக்கிற முறையும் இவரும் வெய்னும் இயக்குநர் பிராட்பரியும் பழக்கினது. கமரா பக்கவாட்டில போனால் இடைவெளி அம்மணமாத் தெரியும். 1966ஆம் ஆண்டுக்குரிய கௌரவ ஒஸ்கார் அவருக்குக் கிடைச்சதில இந்தப் பாதுகாப்புக் கருவியளுக்கும் பங்கு உண்டு. தன்ர உடம்பும் தப்பேல்லை: ‘பூம் ரவுண்’ படத்தில குதிரை மேல விழுந்து வயிற்றுக்குள்ள காயம், 1943இல ‘ஐடஹோ’ படத்தில ரெண்டு கணுக்காலும் முறிஞ்சது. அதுக்குப் பிறகுதான் இரண்டாம் அலகு இயக்கத்தில (துரத்தல், சண்டைக் காட்சியளைத் தனிக் குழுவோட எடுக்கிறது) கூடக் கவனம் வைச்சவர்.

கனட் நடத்தின 1959 ‘பென்-ஹர்’ தேரோட்டத்தில ஒருத்தரும் சாகேல்லை. 1925இல வந்த மௌனப் படத்துக் கதையைக் கொண்டுவந்து இதில ஒட்டுகினம். நடந்தது இவ்வளவுதான்: இடிஞ்சு கிடந்த தேருக்கு மேலால பாயேக்க, சார்ல்ட்டன் ஹெஸ்டனுக்கு டூப் போட்ட, யகிமாவின்ர மகன் ஜோ கனட் முன்பக்கமாத் தூக்கி எறியப்பட்டவர். தேரைப் பிடிச்சுத் தப்பினார், நாடியில நாலு தையல். அந்தத் துண்டை எறியாமல், ஹெஸ்டன் திரும்பத் தேருக்குள்ள ஏறுற கிட்டப்படம் ஒண்டைப் புதுசா எடுத்து ஒட்டினவை. திடல்கரை, உங்கட மூண்டாம் நாலாம் ஷொட்டுக்கு இடையில வெட்டு எங்க விழவேணும் எண்டதுக்கு அந்த இடத்தைப் பார்த்தால் போதும்.