வான்த்ர் வகை வினைச்சொற்கள்: கொப்பியில் சரி, வாயில் பிழை. உதவி தேவை

கேள்வி: கறிவேப்பிலை

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸில் லா ஷப்பல் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறேன். பின்னேரத்தில் பிரெஞ்சு வகுப்பு. அடுத்த மாதம் ஏ2 நிலைச் சோதனை. ஆர்-ஈ என்று முடியும் வினைச்சொற்களில் வந்து நிற்கிறேன், நகர முடியவில்லை.

என்னுடைய கொப்பியில் பிரெஞ்சையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். வான்த்ர் என்றால் விற்பது. நிகழ்காலம் இப்படி (நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்): ஜ வான், தூ வான், இல் வான், நூ வான்தோன், வூ வான்தே, இல் வான்த். எழுத்துச் சோதனையில் இதற்கு முழுப் புள்ளி கிடைத்தது. ஆனால் வகுப்பில் "அவர்கள் மாம்பழம் விற்கிறார்கள்" என்று நான் சொன்னால், படிப்பிக்கிறவ நெற்றியைச் சுருக்குகிறா. நான் "விற்ற" என்று சொல்வது போலக் கேட்கிறதாம். ஐந்து தடவை சொல்லிப் பார்த்தேன், ஐந்து தடவையும் அதே சுருக்கம்.

இரண்டாவது, அதே விதியில் "நூ ப்ரான்தோன்" என்று எழுதினேன். சிவப்புக் கோடு.

மூன்றாவது, நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகன் "அம்மா, ஆர்-ஈக்கு ஒழுங்கான கூட்டம் என்று ஒன்றும் இல்லை, அது மூன்றாம் கூட்டம்" என்கிறான். என் வகுப்பில் "ஒழுங்கு வினை" என்கிறார்கள். யாரை நம்புவது?

(ஆங்கில எழுத்துகளை எங்கள் ஊர் வழக்கப்படி எழுதுகிறேன். டி என்றால் டிசம்பரின் எழுத்து, ரீ என்றால் தேத்தண்ணியின் எழுத்து.)

பதில்: கொண்டைக்கடலை

இரண்டாவதற்கு மட்டும் சொல்கிறேன். ப்ரான்த்ர் (எடுப்பது) பார்க்க வான்த்ர் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. ஒருமையில் ஜ ப்ரான் என்று ஒழுங்காக நடந்துவிட்டு, பன்மைக்கு வந்ததும் டியைத் தொலைத்துவிடும்: நூ ப்ரனோன், வூ ப்ரனே, இல் ப்ரென். இறந்தகாலத்துக்கு ப்ரி. கொம்ப்ரான்த்ர் (விளங்குவது), ஆப்ரான்த்ர் (படிப்பது) இரண்டும் அதன் பின்னால் போகின்றன. தினமும் வாயில் வரும் சொற்கள் என்பதால் நானும் முதல் வருடம் முழுக்க இதில்தான் அடி வாங்கினேன்.

பதில்: உப்பளம்

புதுச்சேரியில் பல வருடம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவர் நான். தங்கச்சி, உங்கள் இலக்கணத்தில் குறை இல்லை. குறை கொப்பியில் இருக்கிறது, இன்னும் சரியாகச் சொன்னால் குற்றியலுகரத்தில்.

தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் பஸ்ஸைக்கூட நாம் பஸ்ஸு என்போம், கேக்கைக் கேக்கு என்போம். "இல் வான்த்" என்று எழுதி வைத்துவிட்டு வாசிக்கும்போது, உங்களுக்கே தெரியாமல் வாய் "வான்து" என்று முடிக்கும். பிரெஞ்சுக் காதுக்கு அந்தக் கடைசி உகரம் பெரிய விஷயம். வான்த் என்றால் "விற்கிறார்கள்", வான்தூ என்றால் "விற்ற". நீங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்கிறீர்கள். அவர் நெற்றியைச் சுருக்காமல் என்ன செய்வார்?

பயிற்சி ஒன்று. "இல் வான்த் தெ மாங்க்" என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் மாம்பழம் விற்கிறார்கள். வான்த் முடியும்போது நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டும். அதை எடுக்காதீர்கள். ஒட்டிய நாக்கோடு அடுத்த "தெ"வைத் தொடங்குங்கள். நாக்கு விலகவில்லை என்றால் உகரம் நுழைய இடமே இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இருபது தடவை போதும்.

இந்த டி ஒலி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நிகழ்காலத்தில் "அவன் விற்கிறான்", "அவர்கள் விற்கிறார்கள்" இரண்டையும் காதில் பிரிப்பது அது ஒன்றுதான். முன்னால் வரும் இல் என்ற சொல் இரண்டிலும் ஒரே ஒலி. ஒருமை மூன்றிலும் டி எழுத்தில் உண்டு, வாயில் இல்லை: ஜ, தூ இரண்டுக்கும் டி-எஸ், மூன்றாமவருக்கு வெறும் டி. பன்மையில் ஈ-என்-ரீ என்று எழுதுவோம். அந்த மூன்று எழுத்தும் ஊமை. ஆனால் அவை பின்னால் வந்து நிற்பதால் டி வாய் திறக்கிறது.

இப்போது காலங்கள். இரண்டு அடிச்சொற்களை மட்டும் நினைவில் வையுங்கள்: வான்த், வான்த்ர்.

முதல் அடியில் ஊவைச் சேர்த்தால் ஜே வான்தூ, விற்றேன். பேச்சில் அதிகம் புழங்கும் இறந்தகாலம் இதுதான். அந்த உகரத்துக்கு உதடு "ஊ" போலக் குவிய வேண்டும், நாக்கு "ஈ" சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும். நம் குற்றியலுகரத்தில் உதடு குவியாது, அதுவும் ஒரு வேறுபாடு. அதே அடியில் "விற்றுக்கொண்டிருந்தேன், முன்பெல்லாம் விற்பேன்" என்ற பொருளுக்கு ஜ வான்தெ. இதில் ஜ, தூ, இல், பன்மை இல் நான்கும் எழுத்தில் வேறுபடும், காதில் ஒன்றே. நூ வான்தியோன், வூ வான்தியே மட்டும் தனி.

இரண்டாம் அடி எதிர்காலத்துக்கு. வினையின் கடைசி ஈயை வெட்டிவிட்டு ஒட்டுங்கள்: ஜ வான்த்ரே, தூ வான்த்ரா, இல் வான்த்ரா, நூ வான்த்ரோன், வூ வான்த்ரே, இல் வான்த்ரோன். "விற்பேனே, ஆனால்..." என்ற நிபந்தனைக்கு அதே அடியில் ஜ வான்த்ரெ. வான்தெ, வான்த்ரெ, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகரம்தான் வித்தியாசம். அதை விழுங்கினால் "விற்பேனே" என்று சொல்லவந்த பேச்சு "விற்றுக்கொண்டிருந்தேன்" ஆகிவிடும்.

இல் ஃபோ க (வேண்டும்) என்று தொடங்கினால் ஜவுக்குக்கூட டி ஒலிக்கும்: இல் ஃபோ க ஜ தெசான்த், நான் இறங்க வேண்டும். கதைப் புத்தகங்களில் வரும் இல் வான்தி (விற்றான்) போன்ற வடிவத்தைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும், ஏ2வில் யாரும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது கேள்விக்கு: மகன் சொல்வது சரி, வகுப்பு சொல்வதும் சரி. பிரான்ஸ் பள்ளிகளில் ஈ-ஆர் முதல் கூட்டம், ஃபினிர் போல நூவுக்கு "இஸோன்" வருபவை இரண்டாம் கூட்டம், மிச்சம் எல்லாம் மூன்றாம் கூட்டம். "ஒழுங்கான ஆர்-ஈ" என்பது வெளியிலிருந்து வந்து படிக்கிறவர்களின் வசதிக்குப் பிரித்த பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஆத்தான்த்ர், ரான்த்ர், பெர்த்ர், ரெபோன்த்ர், தெசான்த்ர், ஆன்தான்த்ர் எல்லாம் சமர்த்தாக உட்காரும்.

கறிவேப்பிலை மீண்டும்

ரீச்சர், குற்றியலுகரத்தை ஓஎல் சோதனையோடு மறந்தேன், அது பாரிஸ் வரைக்கும் பின்னால் வந்திருக்கிறது! நாக்கை எடுக்காமல் சொல்லிப் பார்த்தேன், கடைக்கு வந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

இன்னும் இரண்டு. "பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்" என்பதற்கு ஜாத்தான் பூர் ல ப்யூஸ் என்று எழுதினேன், பூரை வெட்டிவிட்டார்கள். பிறகு "நிலவறைக்கு இறங்கினேன்" என்று சொல்ல ஜே தெசான்தூ என்றேன். அதுவும் பிழை. ஆனால் முதலாளி "பெட்டிகளை இறக்கினேன்" என்று சொல்லும்போது ஜே என்றுதானே சொல்கிறார்?

பதில்: உப்பளம்

முதலாவது நம் நான்காம் வேற்றுமை செய்யும் வேலை. தமிழில் பஸ்ஸுக்கு, ஆளுக்கு என்று "கு" வருவதால் பூர் தேவை என்று தோன்றுகிறது. ஆத்தான்த்ருக்கு அது வேண்டாம், நேராக ஜாத்தான் ல ப்யூஸ். பஸ்ஸை எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், வேற்றுமை பொருந்திவிடும். ரெபோன்த்ரில் (பதில் சொல்வது) தமிழும் பிரெஞ்சும் ஒத்துப் போகின்றன. அவருக்குப் பதில் சொல்கிறேன், ஜ ல்யுய் ரெபோன்.

இரண்டாவதில் உங்கள் முதலாளியும் சரி. தமிழிலேயே விடை இருக்கிறது: இறங்கினேன், இறக்கினேன். தன்வினை, பிறவினை. நீங்கள் இறங்கினால் ஜ ஸ்வி தெசான்தூ, பெட்டியை இறக்கினால் ஜே தெசான்தூ லெ கார்தோன். பிரெஞ்சுக்காரர் துணைவினையை மாற்றிச் செய்வதை நாம் ங்கவையும் க்கவையும் மாற்றிச் செய்கிறோம். ஒன்றே ஒன்று, படியில் இறங்கினேன் என்று சொல்லும்போது படியைச் செயப்படுபொருளாக வைத்தால் அங்கேயும் ஜே வரும்: ஜே தெசான்தூ லெஸ்காலியே. இங்கே தமிழ் கைவிட்டுவிடும்.

ஜ ஸ்வி வந்தால் பெண்ணாகிய நீங்கள் எழுத்தில் கடைசியில் ஒரு ஈ சேர்க்க வேண்டும். ஒலி மாறாது.

பதில்: கடைசி மெத்ரோ

மெத்ரோப் பெட்டி நிறைந்த நேரத்தில் பின்னால் நிற்பவர் "வூ தெசான்தே?" என்று கேட்பார். இறங்குகிறீர்களா என்று அர்த்தம். வந்த புதிதில் எனக்கு விளங்கியது தே மட்டும்தான். "வுய், வுய்" என்று தலையாட்டிவிட்டு அசையாமல் நின்றேன். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கியபோது சொன்ன சொற்கள் எந்தக் கூட்டத்திலும் சேராது.

இன்னொன்று, "நாய் கடிக்கிறது" என்பதற்கு ல ஷியான் மோர். ஆனால் ஏ என்ற துணைவினை முன்னால் வந்து "ஏ மோர்" என்றால் நாய் செத்துப்போய்விட்டது. நமக்கோ மோர் என்றால் வெயிலுக்குக் குடிப்பது.

பதில்: கொண்டைக்கடலை

அதே மாதிரி ஜ பெர், தொலைக்கிறேன். அப்பாவுக்கும் அதே ஒலி, பெர். என் மகள் "மோன் பெர் பெர் செ க்ளே" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், அப்பா சாவியைத் தொலைக்கிறாராம். உண்மையும் அதுதான்.

கறிவேப்பிலை, ரோம்ப்ர் (முறிப்பது) வந்தால் கவனம். டி இல்லாத வினை என்பதால் மூன்றாமவர் ஒருமைக்கு ஒரு ரீ எழுத வேண்டும். மற்றபடி ஒழுங்கு.

பதில்: உப்பளம்

இன்னொரு கண்ணி இருக்கிறது. "அவன் விற்கிறானா" என்று வினையை முன்னால் போட்டுக் கேட்டால், எழுதுவது டி, ஒலிப்பது ரீ. மெல்லினத்துக்குப் பின் வரும் த தமிழ் வாயில் தானாக மெலியும், பந்து என்று சொல்லிப் பாருங்கள். இங்கே மெலியக் கூடாது. விற்பனை என்ற பெயர்ச்சொல்லும் அப்படித்தான், கடைசி ஒலி வலிது. அதை மெலித்தால் மறுபடி "விற்கிறார்கள்". கொப்பியில் மெலிந்து ஒலிக்கும் தகரங்களுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். கோடில்லாதவற்றை அழுத்திச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலை மீண்டும்

கோடு போட்டேன், கொப்பி சிவந்துபோய்விட்டது. நேற்று வகுப்பில் மாம்பழ வசனத்தைச் சொன்னேன். நெற்றி சுருங்கவில்லை. "கத்தரிக்காயும் விற்கிறார்களா?" என்று திருப்பிக் கேட்டா, விளங்கியிருக்கிறது. பதில் சொல்லும்போது பன்மையை விட்டு ஒருமையில் சொல்லிவிட்டேன், அது வேறு கதை.

ரோம்ப்ர் பற்றி அப்புறம் கேட்கிறேன், கடைக்கு ஆள் வந்துவிட்டது.