மறு: சர்வைலன்ஸ் – 'கண்காணிப்பு' வேண்டாம், 'தொடர்நோக்கு' பொருந்துமா?

எல்லோருக்கும் வணக்கம்,

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், நோய்க்குறி இல்லாதவர்களில் நோயைத் தேடும் ஸ்கிரீனிங்குக்கு 'முன்தேடல்' என்று பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டுவிட்டதால் அதை நான் திரும்பக் கிளறவில்லை. எனக்கு இப்போது அவசரமாக வேண்டியது சர்வைலன்ஸுக்கு, அதாவது நோய் வருகிறதா, திரும்புகிறதா என்று காலம் குறித்து விட்டுவிட்டுப் பார்த்து வருவதற்கு, ஒரு சொல். உணவுப்பாதையில் கட்டி வந்தவர்களுக்காகத் திருகோணமலையில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் கைநூல் அச்சுக்குப் போக இருக்கிறது, அதில் பாதி இந்த விஷயம்தான்.

சொல்லுக்கு வரமுன் வேலையைப் பிரித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஒரே கருவி பல வேலைகளைச் செய்கிறது. பெருங்குடலுக்குள் கமெராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறைப்பாடும் இல்லாத 50 வயதுக்காரருக்குச் செய்தால் அது முன்தேடல். மலத்தோடு இரத்தம் போகிறது, உடம்பு மெலிகிறது என்று வந்தவருக்குச் செய்து, சதைத்துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் நோயறிதல். பெருங்குடல் புற்றை வெட்டி எடுத்து ஒரு வருடத்தால் திரும்பவும் விட்டுப் பார்த்தால் சர்வைலன்ஸ். மருந்து கொடுத்துக்கொண்டே அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது வேறு, அதுதான் மொனிட்டரிங். அதற்கு ஸ்கானும் இரத்தமும்தான் கூடுதலாக உதவும். இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டிக்கு இமற்றினிப் என்ற மருந்தைக் கொடுக்கும்போது சில வேளை கட்டி சுருங்காது, சீ.ரீ. ஸ்கானில் அதன் அடர்த்திதான் முதலில் குறையும், அளவை மட்டும் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவெடுத்தால் பிழையாகிவிடும். இந்த நாலு வேலைக்கும் எங்கள் துண்டுப்பிரசுரங்களில் இருப்பது ஒரே சொல்: 'பரிசோதனை'.

இதனால் வரும் கேடு சின்னதல்ல. சீ.ஈ.ஏ. என்ற இரத்தச் சோதனை இருக்கிறதே, 1965இல் மொன்றியலில் கோல்ட், ஃபிரீட்மன் என்ற இருவர் பெருங்குடல் புற்றில் கண்டுபிடித்த புரதம், அது சத்திரசிகிச்சை முடிந்தவர்களைப் பார்த்து வருவதற்கு நல்ல உதவி. முதல் இரண்டு வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருடம் முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது வழக்கம், இறங்கியிருந்த அளவு திரும்ப ஏறினால் நோய் மீண்டிருக்கலாம் என்று தேடத் தொடங்குவார்கள். ஆனால் முன்தேடலுக்கு அது உதவாது. தொடக்கநிலைப் புற்றில் பல வேளை ஏறவே ஏறாது, புகைப்பவர்களிலும் ஈரல் நோய்க்காரரிலும் புற்று இல்லாமலே ஏறும். 'புற்றுநோய்ப் பரிசோதனை' என்று பொதுவாக எழுதிவிட்டால், தனியார் ஆய்வுகூடத்தில் காசு கட்டி எடுத்து, "எனக்கு ஒன்றும் இல்லை" என்று இரத்தப்போக்கைக் கவனிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சொற்களைப் பிரிக்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

சரி, 'கண்காணிப்பு' என்றால் கவனித்துப் பார்ப்பதுதானே, அது ஏன் வேண்டாம் என்று சென்னையிலிருந்து ஐயா கேட்டிருந்தார். அகராதிப்படி அவர் சொல்வது சரி, அங்கே அந்தச் சொல் யாரையும் உறுத்தாது. இங்கே நிலைமை வேறு. மூதூரிலிருந்து வரும் ஓர் அம்மா, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடித்து வந்தவர், கிளினிக் கொப்பியில் 'தொடர் கண்காணிப்பில் உள்ளார்' என்று எழுதியிருந்ததை மகனைக் கொண்டு வாசிப்பித்துவிட்டு, கொப்பியை இரண்டாக மடித்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, "என்னை ஏன் பிள்ளை கண்காணிக்கினம், நான் என்ன செய்தனான்?" என்று கேட்டார். சோதனைச் சாவடியும் பதிவும் பார்த்து வளர்ந்த ஊரில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. தோட்டத்துக் கங்காணியும் இதே சொல்லிலிருந்து வந்தவர்தான். கண்காணிப்பவர் மேலே நிற்பார், கண்காணிக்கப்படுபவர் கீழே நிற்பார். நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் அப்படியொரு சொல்லைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனமில்லை.

'பின்தொடர்தல்' என்று மட்டக்களப்புத் தம்பி எழுதியது, சிகிச்சைக்குப் பிறகு ஆளை முழுதாகக் கவனித்து வரும் ஃபொலோ அப்புக்கு இருக்கட்டும். அது அகலமான சொல். சாப்பாடு, வயிற்றில் பொருத்திய பை, மனச்சோர்வு எல்லாம் அதற்குள் வரும். 'மீளாய்வு' கந்தோர்ச் சொல்.

நான் முன்வைப்பது 'தொடர்நோக்கு'. வினைத்தொகை என்பதால் தொடர்ந்த நோக்கு, தொடர்கின்ற நோக்கு, தொடரும் நோக்கு என்று முக்காலமும் அதற்குள் அடங்குகிறது, இந்த வேலைக்கு வேண்டியதும் அதுதான். தொடர்நோக்கில் இருப்பவர், தொடர்நோக்கு அட்டை, தொடர்நோக்குத் திட்டம் என்று தடங்கலில்லாமல் கிளைக்கிறது. வாயால் சொல்லும்போது "உங்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வருவம்" என்று தாதி அவிழ்த்துச் சொல்லிவிடலாம், எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் பள்ளம் விழாது.

யாழ்ப்பாணத்து அக்காவின் மறுப்பு வலுவானது. மைக்ரொஸ்கோப்பும் ரெலஸ்கோப்பும் எங்களுக்கு நுணுக்குக்காட்டி, தொலைகாட்டிதானே, நுண்ணோக்கி, தொலைநோக்கி என்று 'நோக்கு' வைப்பது இந்தியப் பழக்கம் என்கிறார். கருவிக்குக் 'காட்டி' என்பதை நானும் விடமாட்டேன், உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் எண்டொஸ்கோப்புக்கு உட்காட்டி என்றே கைநூலில் இருக்கிறது. கருவி காட்டும், ஆள்தான் நோக்குவார். இது ஆளின் செயலுக்கான பெயர். 'தொலைநோக்கு' போல ஒரு கொள்கைச் சொல்லாகக் கேட்கும் என்ற அவருடைய இரண்டாவது பயம் எனக்கும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் 'நோய்' என்ற சொல் பக்கத்தில் வந்தால் அது நீங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

சொல் தாங்குமா என்று பார்க்க, சத்திரசிகிச்சையே நடக்காத ஒரு நிலையில் வைத்துப் பார்த்தேன். பரற்ஸ் உணவுக்குழாய்: நெஞ்செரிவு நீண்டகாலம் இருந்தவர்களில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தோல் குடலின் தோல் மாதிரி மாறிவிடும். அது புற்று இல்லை, ஒரு சிலரில் புற்றாகலாம். உட்காட்டியை விட்டு, மாறிய பகுதி முழுக்க 2 சென்ரிமீற்றருக்கு ஒரு தட்டாக, ஒவ்வொரு தட்டிலும் நாலு பக்கமும் சின்னச் சின்னத் துண்டு எடுப்பார்கள். கலங்கள் கெடத் தொடங்கவில்லை என்றால் பொதுவாக 3 முதல் 5 வருடத்தால் திரும்ப வரச் சொல்வார்கள். 'பரற்ஸ் தொடர்நோக்கு' என்றால் இது அப்படியே பொருந்துகிறது. 'கண்காணிப்பு' என்றால் ஏற்கெனவே நோய் பிடிபட்டுவிட்டது போல இருக்கிறது. இரைப்பையில் 2 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஜிஸ்ட்டை வெட்டாமல் வைத்துப் பார்ப்பதற்கும் இதே சொல் போதும்.

கைநூலில் வரப்போகும் வரி இது, குறை இருந்தால் சொல்லுங்கள்:

"உங்கள் கட்டி அகற்றப்பட்டுவிட்டது. அது திரும்ப வந்தால் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்காக இனி நீங்கள் தொடர்நோக்கில் இருப்பீர்கள். முதலாவது வருட முடிவில் உட்காட்டி, இடையில் இரத்தமும் ஸ்கானும். வயிற்றுநோவோ இரத்தப்போக்கோ வந்தால் திகதி வரும்வரை காத்திருக்காமல் வாருங்கள்."

அப்புறம் ஒன்று. இரண்டு சோதனைகளுக்கு நடுவில் உள்ள காலத்துக்கு 'இடைவெளி' என்று எழுதியிருக்கிறோம். குச்சவெளி, கிண்ணியாப் பக்கத்து ஆட்கள் 'தவணை' என்றால் கெதியில் விளங்கிக்கொள்கிறார்கள், ஆனால் அதில் நீதிமன்ற வாடையும் கடன்கட்டும் வாடையும் அடிக்கிறது. 'தொடர்நோக்குத் தவணை' என்று போடலாமா, இடைவெளியையே விட்டுவிடலாமா? அடுத்த கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும், அதற்கு முதல் எழுதுங்கள்.