பர்மாவிலிருந்து நடந்து வந்த எங்கள் ஐயா

காரைக்குடிப் பக்கம் நாங்கள் அப்பாவின் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஐயா 1999-ல் இறந்தார். கொதிக்காத தண்ணீரைத் தொடவே மாட்டார். கல்யாண வீடானாலும் சரி, திருவிழா நீர்மோர்ப் பந்தலானாலும் சரி, பித்தளைத் தூக்கில் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். ஊரே கேலி செய்யும், நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1936-ல், 15 வயதில், ஒரு செட்டியார் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக இருந்து வேலை பழகும் பையனாக, ரங்கூன் போனவர். 3 வருஷக் கணக்கு (ஒரு தவணை வேலையைக் கணக்கு என்பார்கள்) முடித்து ஊருக்கு வந்து, கல்யாணம் செய்துகொண்டு, இரண்டாவது கணக்குக்குப் போயிருந்தபோதுதான் சண்டை. 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஐயா போன கூட்டம் புரோம் போய், அரக்கான் மலையைத் தாண்டி டாங்கப், அப்புறம் படகில் அக்யாப், சிட்டகாங், கல்கத்தா என்று வந்து சேர்ந்திருக்கிறது. வழியெல்லாம் காலரா. கூட வந்த சிநேகிதர் தாகம் தாங்காமல் ஓடைத் தண்ணீரைக் குடித்தாராம், மறுநாள் விடியும்போது இல்லை. இதை ஐயா அப்பத்தாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், எங்களுக்கு அவர் போன பிறகு அப்பத்தா சொல்லித்தான் தெரியும்.

—

அண்ணே, எண்ணுவாரே, அதை விட்டுவிட்டீர்களே! கோடை லீவில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் முற்றத்தில் வரிசையாகப் படுத்திருப்போம், ஐயா ஒவ்வொருவர் தலையாகத் தொட்டு தித், நித், தோங், லே, ஙா என்று பர்மா பாஷையில் எண்ணிக்கொண்டே வருவார். ராத்திரியில் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் திரும்ப முதலிலிருந்து. எனக்கு அது விளையாட்டு, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தலை குறைந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, நமக்கு அப்போது எங்கே புரிந்தது.

—

நான் உங்கள் சொந்தம் இல்லை, ஆனால் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. எங்கள் அம்மாச்சி 7 வயதில் மாந்தலே பக்கமிருந்து தமு வழியாக இம்பாலுக்கு நடந்தவர், டிமாப்பூரில்தான் ரயிலைப் பார்த்தார்களாம். அம்மாச்சிக்கு யானை நினைவிருந்தது, சேறு நினைவிருந்தது, அவருடைய அம்மா ஒரு வளையலைக் கொடுத்து அரிசி வாங்கியது நினைவிருந்தது. தம்பி எங்கே விடுபட்டான் என்று கேட்டால் மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம். கேட்டிருக்கலாமோ, விட்டதுதான் சரியோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

—

அம்மாச்சியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. தங்கச்சி, அந்தத் தூக்கு என்னிடம்தான் இருக்கிறது. அடியில் ஒரு நசுங்கல், உள்ளே ஈயம் சுத்தமாகப் போய்விட்டது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எடுத்து வருகிறேன், ஈயம் பூசுகிறவர் யாராவது அங்கே இன்னும் இருந்தால் விசாரித்து வை.