புதுப்பிப்பு: ஹைபிரிட் காரின் 12 வோல்ட் பேட்டரியை நானே மாற்றினேன்

காலையில், கிளம்பத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியாமல் நின்ற என் ஹைபிரிட் காரின் சிறிய பேட்டரியை டீலரிடம் மாற்றுவதா, தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே நானே மாற்றுவதா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நானே மாற்றிவிட்டேன், வண்டி நன்றாக ஓடுகிறது.

முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்ன ஆலோசனைதான் குழப்பத்தைத் தீர்த்தது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டிய மின்னழுத்தம் 12-க்கும் கீழே இறங்கியிருந்தது. இந்தப் பேட்டரி எஞ்சினைச் சுழற்றுவதில்லை; வண்டியின் கணினிகளையும் ரிலே எனும் மின் சுவிட்சுகளையும் இயக்கிவிடுவதோடு இதன் வேலை முடிந்துவிடுவதால், வலுவிழப்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால், சார்ஜ் ஏறும்போது கசியக்கூடிய ஹைட்ரஜனை வெளியேற்றும் மெல்லிய குழாயைப் பொருத்த வழியுள்ள ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும்) வகையையே வாங்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று. மூலக்கடை பகுதியில் இருந்த பேட்டரிக் கடையில் முதலில் எடுத்துக் காட்டியது அந்த வழி இல்லாத சாதாரண பேட்டரி. பழையதைக் கொடுத்துக் கழித்தபின், டீலர் சொன்னதில் ஏறக்குறைய பாதிதான் செலவு.

10 மி.மீ. ஸ்பேனர் போதும். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம். அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. கடற்காற்றோ என்னவோ, பாசிட்டிவ் கிளாம்பில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறுவது நின்றுபோனது. முழுவதும் ஏற்றிய பின் பொத்தானைச் சில நொடிகள் பிடித்திருந்ததும் சரியானது. டிக்கிக்கு மின்சாரத்தில் இயங்கும் பூட்டு உள்ளவர்கள், பேட்டரி இணைப்பு கழன்றிருக்கையில் டிக்கியை மூடிவிட வேண்டாம்.