விந்தணு எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, இயல்பான உருவம் மட்டும் 0%. இது மரபணுக் கோளாறா?

கேள்வி: விடியல்33

வணக்கம். வயது 33, திருமணமாகி நான்கு வருடம். மூன்று முறை விந்துப் பரிசோதனை செய்தாயிற்று. எண்ணிக்கை ஒரு தடவைகூட மில்லிலிட்டருக்கு 40 மில்லியனுக்குக் கீழே வரவில்லை, ஓட்டமும் மோசமில்லை, ஆனால் "இயல்பான உருவம்" என்ற வரியில் மட்டும் மூன்று தடவையும் 0%. புகை, குடி எதுவும் கிடையாது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், மாற்றமே இல்லை. அப்புறம் இக்ஸி (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்தோம். முதிர்ந்த முட்டை 9 கிடைத்தது, ஒன்றுகூடக் கருவாகவில்லை. மறுநாள் காலை போனில் அதைச் சொன்னபோது மனைவி போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் அப்பாவும் அம்மாவும் நெருங்கிய சொந்தம். அண்ணனுக்கும் குழந்தை இல்லை, அவன் பரிசோதனைக்கே வர மாட்டேன் என்கிறான். எனக்கு கேரியோடைப் (குரோமோசோம் சோதனை) 46 எக்ஸ்ஒய், நார்மல். அதனால் மரபணுவில் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: காற்றாடி

மடியில் லேப்டாப் வைப்பதை நிறுத்துங்கள், இறுக்கமான உள்ளாடை வேண்டாம். என் நண்பருக்கு அதிலேயே சரியானது.

பதில்: ஸ்லைடுகண்ணாடி

லேப்டாப் கதையெல்லாம் இங்கே பொருந்தாது. நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். சூட்டால் கெட்டால் பலவிதமாகக் கெடும், எல்லா அணுவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி கெடாது.

முதலில் கேரியோடைப் விஷயம். அதில் தெரிவது குரோமோசோம் எத்தனை, பெரிய துண்டு எங்காவது இடம் மாறியிருக்கிறதா என்பதுதான். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக, எக்ஸ்எக்ஸ்ஒய் என்று இருந்தால் மாட்டும். ஒரு மரபணு முழுசாகக் காணாமல் போயிருந்தாலும் அதில் தெரியாது. ஒய் குரோமோசோம் நுண்ணிழப்புச் சோதனை (அதில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது) எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களுக்கு, உங்களுக்கு அவசரமில்லை.

0% என்ற எண்ணை மட்டும் வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வரம்பே 4%தான், குழந்தை பெற்ற ஆண்களிடமும் பெரும்பாலான அணுக்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். என்ன கோணல் என்பதுதான் கேள்வி. அறிக்கையின் அடியில் குறிப்பு ஏதாவது இருக்கிறதா?

பதில்: விடியல்33

இருக்கிறது சார், பொடி எழுத்தில். "அனைத்தும் வட்டத் தலை, அக்ரோசோம் காணப்படவில்லை."

பதில்: ஸ்லைடுகண்ணாடி

அந்த ஒரு வரியை யாரும் படிக்கவில்லை பாருங்கள். இதற்குப் பெயர் குளோபோஸூஸ்பெர்மியா. விந்தணுவின் தலை நீள்வட்டமாக, முன்பக்கம் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். அந்தத் தொப்பிதான் அக்ரோசோம், முட்டையின் உறையைத் துளைக்க அது வேண்டும். தொப்பி இல்லாவிட்டால் தலை உருண்டையாகிவிடும், மைக்ரோஸ்கோப்பில் வால் முளைத்த கடுகு போலத் தெரியும்.

இக்ஸியில் ஊசியால் உள்ளேயே செலுத்துகிறோமே, பிறகு ஏன் கருவாகவில்லை என்று கேட்பீர்கள். முட்டையை எழுப்பிவிட பிஎல்சி ஸீட்டா என்ற புரதத்தை விந்தணு கொண்டுபோக வேண்டும், அதனால்தான் முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக ஏறி இறங்கும். வட்டத்தலை அணுவில் அந்தப் புரதம் இருக்காது, அல்லது மிகக் குறைவு. அதனால் ஊசி போட்ட பிறகு கால்சியம் அயனோஃபோர் கரைசலில் முட்டையைச் சிறிது நேரம் வைத்து எழுப்புவார்கள். அப்படிக் குழந்தை பிறந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உத்தரவாதம் கிடையாது. அடுத்த சுற்றில் இதைச் செய்வார்களா என்று நேராகக் கேளுங்கள்.

மரபணுவைப் பொறுத்தவரை, முதலில் பார்க்க வேண்டியது 12ஆம் குரோமோசோமில் இருக்கும் டிபிஒய்19எல்2 என்ற மரபணு. இந்த வகையில் அதிகம் அகப்படுவது அதுதான், பலருக்கு அந்த மரபணு அப்படியே விடுபட்டுப் போயிருக்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும், சொந்தத்தில் திருமணம் என்றால் அதற்கு வாய்ப்பு கூடுதல். உங்களுக்கு இது உறுதியானால் அண்ணனுக்கும் இருக்க 25% வாய்ப்பு.

பதில்: மூன்றாம்மாடி

சோதனை செய்யாமல் அடுத்த இக்ஸிக்குப் போகாதீர்கள் தம்பி, நான் அப்படிப் போய் இரண்டு சுற்று வீணாக்கியவன். எனக்கும் 0%தான், ஆனால் வேறு வகை: பெரிய தலை, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வால். ஏயூஆர்கேசி என்ற மரபணு பழுது. அணு பிரியும் கட்டத்திலேயே பிரியாமல் நின்றுவிடுவதால் உள்ளே இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு குரோமோசோம். அதை முட்டையில் செலுத்தி ஒரு பயனும் இல்லை என்று மரபணு ஆலோசகர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்தப் பத்து நிமிடம் எனக்கு இரண்டு வருடம் தாமதமாகக் கிடைத்தது. தானமாகப் பெற்ற விந்தணுவில் இப்போது ஒரு மகள். புது விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆகும் என்று மாத்திரையை நம்பி 74 நாள், 74 நாளாக எண்ணிக்கொண்டிருந்ததை நினைத்தால்தான் எரிச்சல்.

பதில்: விடியல்33

சரி, இன்னொன்று. எனக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் இது வருமா?

பதில்: ஸ்லைடுகண்ணாடி

டிபிஒய்19எல்2 என்று உறுதியானால், பழுதான ஒரு பிரதி பிள்ளைக்கு நிச்சயம் போகும். மனைவியிடமும் ஒன்று இருந்தால்தான் மகனுக்குப் பிரச்சினை. மனைவியும் உங்களுக்குச் சொந்தம் என்றால் அவரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பதில்: விடியல்33

இல்லை, அவள் வெளிக்குடும்பம். சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டேன். அந்தப் பொடி எழுத்து வரியைப் படம் எடுத்து அண்ணனுக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டான், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.