கொரோனாக்குப் பிறகு மாறாத களைப்பு, திருகோணமலைக்குக் கிட்ட ஆரிட்டக் காட்டலாம்?

உவர்மலையில இருக்கிற அக்காவுக்கு 44 வயசு. 2021 ஓகஸ்ட் அலையில அத்தானுக்கு ஒட்சிசன் வைச்சு பிறகு கிளினிக்கும் போட்டுப் பாத்தாங்கள், அவர் இப்ப நல்ல சுகம், வீட்டிலயே இருந்து மாறின அக்காவுக்குத்தான் இன்னும் ஏலாம கிடக்கு. உடுப்பு காயப்போட கைய உயர்த்தினா நெஞ்சு படபடக்கும், தலை சுத்தி கதிரையில இருந்திடுவா, அடுத்தநாள் எழும்பவே மாட்டா. ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே, தைரொயிட், இரத்தம் எல்லாம் நோர்மல், போற இடமெல்லாம் யோசினை கூட, மாதவிடாய் நிக்கிற வயசு எண்டு நித்திரைக் குளிசைதான் தாறாங்கள். கடுமையாகிச் செத்தது ஆம்பிளையள் கூட, ஆனா நீண்டகாலக் கொரோனா பொம்பிளையளுக்குத்தான் கூட எண்டு எத்தினையோ நாட்டு ஆய்வில வந்திட்டுது, இதைச் சொன்னாலும் கேக்கிறாங்களில்ல.

இங்கயோ மட்டக்களப்பு, கண்டிப் பக்கமோ இதைப் பொறுமையாக் கேட்டுப் பாக்கிற டொக்டர் ஆரையும் தெரியுமா?