மலேயா அம்மாயி

கேரளத்தின் பாலக்காட்டு ஜில்லாவில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவரை ஊரே மலேயா அம்மாயி என்றுதான் கூப்பிடும். அவர் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பயிற்சி எடுத்தவர் என்பது எனக்குத் தெரிந்தது ஏழாம் வகுப்பில்.

மாங்காய் பறிக்கத் தொரட்டியைத் தூக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தேன். அம்மாயி அதை வாங்கித் தோளில் சாய்த்தார். அடிக்கட்டை உள்ளங்கையில், முழங்கை விலாவோடு ஒட்டி. "இப்படிப் புடிச்சா நாள் முழுக்க நடக்கலாம் கண்ணு. எங்க துப்பாக்கி நாலு கிலோ இருக்கும்."

மலேயாவில் பால் மரம் வெட்டும் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வளர்ந்தவர். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோன அண்ணன் திரும்பவே இல்லை. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். அக்டோபர் 22-ல் அங்கே முகாம் திறந்தது. அம்மாயிக்கு அப்போது 17 வயது. கட்டளையெல்லாம் இந்துஸ்தானியில். ஒரு வார்த்தை புரியாமல், பக்கத்தில் நிற்பவளின் காலைப் பார்த்தே கவாத்து பழகினாராம். அப்புறம் சுடுவது, பயனெட் குத்துவது, மூட்டையோடு மைல் கணக்கில் நடப்பது. கால்சட்டை போட்ட முதல் நாள் வெட்கத்தில் வெளியே வரவே இல்லையாம்.

"கங்காணி முன்னாடி குனிஞ்சே நின்னவ நானு. அங்கதான் நிமிந்து நில்லுன்னாங்க."

போர் முடிந்து ஊர் வந்தார், கல்யாணம், பிள்ளைகள். தியாகி பென்ஷன் கேட்டபோது அலுவலகத்தில் சான்று கேட்டார்கள். தமிழில் எழுதிய மனுவை மலையாளத்தில் எழுதி வா என்று திருப்பினார்கள். அப்பாதான் எழுதிக் கொடுத்தார், மூன்று தடவை. கிடைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

2002-ல், ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். மலையாளப் பத்திரிகையில் படம் வந்தது. எடுத்துக்கொண்டு அம்மாயி வீட்டுக்கு ஓடினேன். கிட்டே வைத்தும் எட்டப் பிடித்தும் பார்த்தார்.

"எங்க கேப்டனம்மா. முடியெல்லாம் நரைச்சுப் போச்சே."

அவருடைய அம்மா அம்மு சுவாமிநாதனுக்கு ஆனக்கரைதான் சொந்த ஊர் என்றேன்.

"நம்ம பாலக்காட்டு ஜில்லாவுலயா?"

இத்தனை வருஷமும் அம்மாயிக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கிருந்து எத்தன பஸ் மாறணும் கண்ணு?"